போர்வைக்குள் ஒளித்த பாட்டில்

எனக்கு வந்த வியாதியின் பெயரை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது எங்கள் வீட்டு உத்தரவு. அதனால் முதல் காரியமாக அதைச் சொல்லிவிடுகிறேன். நியூமோதொராக்ஸ். வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, விஷயம் சுலபம்தான். நுரையீரலில் எங்கோ ஒரு சின்ன இடம் கிழிந்து, உள்ளே இருக்க வேண்டிய காற்று வெளியே கசிந்து, நுரையீரலுக்கும் விலா எலும்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு வெளியே போக வழி கிடையாது. அது அமுக்க அமுக்க நுரையீரல் சுருங்குகிறது. எனக்கு வலது பக்கம் சுருங்கியது. வயது இருபத்தாறு, ஊர் ஸ்ரீரங்கம், பெயர் வைதேகி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், யாருக்கு என்ன கஷ்டமோ படட்டும்.

எனக்கு வேலை கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில். அமெரிக்காவில் யார் யாருக்கோ வந்த வியாதியையெல்லாம் படித்து, இன்ஷூரன்ஸ்காரர்களுக்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட வேண்டும். இந்த வியாதிக்கும் ஒரு எண் உண்டு, எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் தோளில் மாட்டினேன், வலது மார்பில் சுளீரென்று ஒரு குத்து. படி ஏறும்போது மூச்சு பாதியிலேயே நின்றது. எண் தெரிந்த எனக்கே அது இதுதான் என்று தோன்றவில்லை.

அம்மா எங்கள் தெருப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை என் முதுகில் வைத்தாரா, புடவைக் கடை பொம்மைமேல் வைத்தாரா தெரியாது. "வாயுப் பிடிப்பும்மா. கல்யாணம் கூடி வர நேரம், பொண்ணுக்கு டென்ஷன்" என்றார். ஒரு கேஸ் மாத்திரை, ஒரு தூக்க மாத்திரை. அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அந்த மாத்திரையைத் தின்றுவிட்டு, மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பக்க மார்பில் குத்தி மூச்சு முட்டினால், வாயு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி உட்காருங்கள். எடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லுங்கள்.

எனக்கு எக்ஸ்ரே எடுக்க வைத்தது அப்பா. பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர், வீட்டில் அதிகம் பேச மாட்டார். இரண்டு நாள் கழித்து என் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டு வந்து நிறுத்தினார். அம்மா சட்டையைப் பிடிக்காத குறையாக ஒரு நிபந்தனை போட்டாள். ஸ்ரீரங்கத்தில் எந்த ஆஸ்பத்திரியும் கூடாது, ஆற்றைத் தாண்டித் தில்லை நகர்ப் பக்கம்தான் போக வேண்டும். இங்கே என்றால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு, காவேரிப் பாலத்து நெரிசலில் ஒரு வண்டி நகர்வதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாதா?

எதற்கு இந்த ஒளிவு மறைவு என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பையனின் ஜாதகம் வந்திருந்தது, பொருந்தியும் இருந்தது. கொண்டுவந்தவர் ஜானகி மாமி. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர், கல்யாணம் பேசி முடிப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். என் விஷயத்தில் ஏற்கனவே ஒரு பெரிய குறை இருந்தது. நான் உயரம். பன்னிரண்டு வயதில் வளர ஆரம்பித்தேன், அன்றிலிருந்து ஆரம்பித்தது அம்மாவின் பாடம். "நெட்டுக்குத்தா நிக்காதேடி." "தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கோ." "மாப்பிள்ளைக்கு மேல நிக்கறாப்ல இருந்தா யார் பண்ணிப்பா?" போட்டோ எடுத்தால் என்னை உட்கார வைத்து எடுப்பாள். அத்தைகள் சித்திகள் எல்லோரும் இதற்கு ஒத்து ஊதினார்கள். இப்படிப் பதினாலு வருஷம் குனிந்து குனிந்து, அதற்குமேல் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்து, என் முதுகு அப்படியே நின்றுவிட்டது. தலை முன்னால், தோள் அதற்கும் முன்னால்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்கள். இடது பக்கம் சாம்பல் நிறத்தில் கொடி கொடியாக நரம்பு ஓடியது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. நடுவில் உள்ளங்கை அளவுக்கு என் நுரையீரல் ஒட்டிக்கொண்டிருந்தது. செத்துப் போய்விடுவேனா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "அதெல்லாம் இல்லங்க. குழாய் போட்டுக் காத்தை வெளிய எடுத்துட்டா தானா விரிஞ்சுடும்" என்றார். பிறகு காரணம் சொன்னார். உயரமாக, ஒல்லியாக இருக்கிற சின்ன வயசுக்காரர்கள் சிலருக்கு நுரையீரலின் உச்சியில் கொப்புளம் மாதிரி இருக்கும், அது எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நாள் வெடிக்கும் என்றார்.

உயரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாத்தியா, நான் தலபாடா அடிச்சுண்டேனே. இந்த உசரம் ஆகாது ஆகாதுன்னு."

எனக்கு அங்கேயே எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்த மூச்சு இல்லை. டாக்டர்தான் சொன்னார்: "அம்மா, உயரம் ஒரு வியாதி இல்லை. அவங்க கூன் போட்டதால இது வந்துச்சுன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே கூன் போட்டுக்கிட்டிருந்தா, சுருங்கின நுரையீரல் விரியறதுக்கு உள்ள இடம் கிடைக்காது. அதை நீங்கதான் சரி பண்ணணும்." இரண்டாவது பாதி அம்மாவின் காதில் ஏறவே இல்லை.

அக்குளுக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவில் கீறி, குழாயைச் செருகினார்கள். வலிக்காது, அழுத்துகிற மாதிரிதான் இருக்கும் என்பார்கள். நம்பாதீர்கள், வலிக்கும். குழாயின் மறுமுனை கட்டிலுக்குக் கீழே நிற்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போகிறது. பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர், குழாயின் நுனி அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். மார்பில் இருக்கிற காற்று கொப்புளம் விட்டு வெளியே போகலாம், வெளிக் காற்று தண்ணீரைத் தாண்டி உள்ளே வர முடியாது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நர்ஸ் அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "பாட்டில் எப்பவும் கீழதான் இருக்கணும்மா, நேராதான் நிக்கணும். தூக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது." அம்மா தலையை ஆட்டினாள். நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து ஷபானா வந்தாள். பிசியோதெரபிஸ்ட், என் வயதுதான் இருக்கும், மலைக்கோட்டைப் பக்கம் வீடு. கருணை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். மூன்று அறையும் மூன்று பந்தும் உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, குழாயில் வாய் வைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னாள். இழுக்கிற வேகத்துக்குத் தகுந்த மாதிரி பந்து மேலே ஏறும். எனக்கு முதல் பந்தே எழுந்திருக்காமல் நடுங்கியது. "குனிஞ்சு இழுத்தா எப்படிங்க வரும்? முதல்ல நேரா உக்காருங்க. காதும் தோளும் ஒரே கோட்டுல வரட்டும். கையை வயித்துல வைங்க, மூச்சு இழுக்கும்போது கை வெளிய தள்ளணும்." குழாய் போட்டவர்கள் எல்லோரும் வலிக்குப் பயந்து அந்தப் பக்கமாகவே சாய்ந்துகொள்வார்களாம், அப்படியே விட்டால் தோள் இறங்கிப் போய் நுரையீரலின் அடிப்பக்கம் மூடிக்கொள்ளுமாம். இருமும்போது தலையணையை விலாவோடு அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அப்புறம் என் முதுகில் விரலை வைத்து, "யாருங்க உங்களுக்கு இப்படிக் குனியச் சொல்லிக் கொடுத்தது?" என்றாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷபானா போனதும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "இப்ப ஆத்திர அவசரத்துக்கு நிமிந்துக்கோ. அப்புறமா பழையபடி இருந்துக்கலாம், என்ன?" இதைச் சொல்லிக்கொண்டே ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையிலும் கொட்டை எடுத்து, தோல் நீக்கி என் வாயில் வைத்தாள். எங்கள் அம்மாவோடு இதுதான் கஷ்டம். கோபப்படவும் விட மாட்டாள், கோபம் ஆறவும் விட மாட்டாள். அப்பா காலையும் மாலையும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கேரியர் எடுத்துக்கொண்டு வருவார். ரசத்தை எங்கள் வீட்டில் சாத்தமுது என்போம், அந்தச் சாத்தமுது சாதத்தைக் குழையப் பிசைந்து, ஆறாமல் இருக்க டவலில் சுற்றிக் கொண்டுவருவார். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தது, அதைக்கூட எடுக்க வேண்டாம், எழுத்தில் பதிவாகிவிடும் என்று அம்மா சொன்னபோது, அவர் முதல் தடவையாக "பேசாம இரு" என்றார். ஊருக்கெல்லாம் நான் பெங்களூருக்கு டிரெயினிங் போயிருப்பதாகச் செய்தி போயிருந்தது. அதை அவர் மறுக்கவில்லை. அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

இரண்டு கட்டில் உள்ள அறை அது. அடுத்த கட்டிலுக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்த ஒரு பெரியம்மா வந்தார், அவரும் ஸ்ரீரங்கம். பின்னே? ஆற்றைத் தாண்டி வந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எங்கள் அம்மா கணக்குப் போட்டாளே, ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர் அதே ஆற்றைத் தாண்டித்தான் வைத்தியத்துக்கு வருகிறார்கள். அம்மா அவரிடம் எங்கள் பெயரையும் தெருவையும் மாற்றிச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம். எனக்கு முதல் பந்து எழுந்து நின்று, இரண்டாவது பந்து லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. நான் சந்தோஷத்தில் மறுபடியும் இழுக்கப் போனேன். வாசலில் ஒரு குரல் கேட்டது. "எந்த ரூம்னு சொன்னா? இதுவா?" ஜானகி மாமி. அந்தப் பெரியம்மாவைப் பார்க்க வருகிறார்.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "படுடி, அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்று என் தோளை அமுக்கினாள். போர்வையைத் தலை வரைக்கும் இழுத்தாள். அப்புறம் அந்தப் பாட்டில் அவள் கண்ணில் பட்டது. ரத்தம் கலந்த தண்ணீரோடு கட்டிலுக்குக் கீழே பளிச்சென்று நின்றது. குனிந்தாள், தூக்கினாள், என் இடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, போர்வைக்குள் தள்ளி மூடினாள். நான் "அம்மா, வேண்டாம்மா" என்றேன். "ஷ்" என்றாள்.

பாட்டில் படுத்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், குழாயின் நுனி வெறும் காற்றில் நிற்கும். அப்புறம் நான் இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று குழாய் வழியாக மார்புக்குள் போகும். இது எனக்குப் பிறகு டாக்டர் சொல்லித் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், அந்தக் குத்தல் திரும்ப வந்தது என்பது மட்டும்தான். போர்வைக்குள் இருட்டு, புழுக்கம். வெளியே ஜானகி மாமி அடுத்த கட்டிலில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு, எங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டார்.

"நீங்க எங்க இங்க?"

"எங்க அண்ணா பொண்ணு. ஜுரம். தூங்கறா."

"அடடா. ஆமாம், வைதேகி பெங்களூர்லேர்ந்து எப்ப வரா? பையனாத்துல கேட்டுண்டே இருக்கா. பொண்ணைப் பாக்க வரட்டுமான்னு."

"வந்துடுவா மாமி. டிரெயினிங் முடியணுமே. நன்னா இருக்கா. நேத்திக்குக் கூட போன்ல பேசினா."

நான் மூன்றடி தள்ளி, அந்தப் போர்வைக்கு அடியில், வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடக்கிறேன். நன்றாக இருக்கிறேனாம். பெங்களூரில் இருக்கிறேனாம். இவ்வளவு வருஷம் அம்மா குனி என்றால் குனிந்து பழகிய உடம்பு அது, அந்த நேரத்திலும் அசையாமல் படுத்திருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. கடைசியில் என் புத்தி வேலை செய்யவில்லை, பயம்தான் செய்தது. போர்வையை உதறி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். பாட்டில் உருண்டது, தண்ணீர் மெத்தையில் கொட்டியது. "மூச்சு... நர்ஸைக் கூப்பிடுங்கோ" என்று ஜானகி மாமியைப் பார்த்துத்தான் சொன்னேன். அம்மாவைப் பார்க்கவில்லை.

மாமி ஓடினார், அதைச் சொல்ல வேண்டும். புடவைத் தலைப்பு தரையில் புரள, அந்த வயதில் அப்படி ஓடி நர்ஸைக் கையோடு இழுத்து வந்தார். நர்ஸ் குழாயை மடக்கிப் பிடித்து, வேறு பாட்டில் மாற்றி, தரையில் நிறுத்தி, என்னை இருமச் சொன்னார். கொப்புளம் கொப்புளமாகக் காற்று வெளியேறியது. மறுபடியும் எக்ஸ்ரே. விரிந்துகொண்டு வந்த நுரையீரல் திரும்பச் சுருங்கியிருந்தது. டாக்டர் அம்மாவை அறைக்கு வெளியே கூப்பிட்டுப் பேசியது எனக்கு உள்ளே கேட்டது. "படிச்சவங்கதானே நீங்க? பொண்ணு செத்திருந்தா யார்கிட்டம்மா மறைச்சிருப்பீங்க?"

மாமி கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து தலையைத் தடவினார். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தழைத்துக்கொண்டு, "நீ கவலையே படாதே கொழந்தே. நான் பையனாத்துல வாயே திறக்க மாட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். கண்ணால் பார்த்தவரும் அந்தப் போர்வையின் ஒரு முனையைப் பிடிக்கத்தான் வந்தார்.

அதற்குப் பிறகு இருக்க வேண்டியதற்கு மேல் பல நாள் அங்கேயே கிடந்தேன். அப்பா நாற்காலியைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, யார் வந்தாலும் அதற்கு முன்னால் காலை நீட்டி மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேப்பர் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு தண்ணீரைத்தான் பார்ப்பார். என் மூச்சுக்குத் தகுந்த மாதிரி குழாயில் தண்ணீர் ஏறி இறங்கும், அது நின்றால் நர்ஸைக் கூப்பிடுவார். ஷபானா சண்டைக்காரி மாதிரி வந்து மறுபடி முதல் பந்திலிருந்து ஆரம்பித்தாள். குழாயை எடுத்த பிறகு சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வைத்தாள். பின்னந்தலை, தோள், இடுப்பு எல்லாம் சுவரைத் தொட வேண்டும், அப்படியே இரண்டு கையையும் மேலே ஏற்றி இறக்க வேண்டும். தழும்பு இழுத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "உங்க உயரத்துக்கு இந்தச் சுவரே பத்தலைங்க" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்தேன். மறுபடி வந்தால் துளை போட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தும்மினால் பயம், யாராவது கூப்பிட்டுச் சட்டென்று திரும்பினால் பயம். உடற்பயிற்சியை ஒரு வேளைகூட விடக் கூடாது. நான் சுவரோடு நின்றதும் அம்மா தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அந்தப் பந்து டப்பாவைப் பழைய புடவையில் சுற்றி அலமாரியில் வைத்தாள். "அடுத்த வாரம் அவா பாக்க வரேன்னிருக்கா. அதுவரைக்கும் இந்த நெட்டுக்குத்தா நிக்கறதை எல்லாம் நிறுத்திக்கோயேன். பாக்க ஒரு மாதிரி இருக்கு." எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஒரு தடவை என் நுரையீரலைச் சுருக்கியது போதாதா என்று கேட்டேன். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவளுடைய போனிலிருந்து அந்தப் பையனின் நம்பரை எடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினேன். நுரையீரல் கிழிந்தது, குழாய் போட்டது, பெங்களூருக்குப் போகவே இல்லை என்பது, திரும்ப வரலாம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பரவாயில்லை. இப்ப எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு" என்றார். "நான் ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைச்சுக்கக் கூடாது. போட்டோல நீங்க கொஞ்சம் உசரமா தெரியறேள்னு எங்கம்மா சொல்றா. நெஜமா எவ்வளவு இருப்பேள்?"

"அஞ்சடி ஒம்பது."

"பயோடேட்டால அஞ்சடி அஞ்சுன்னு..."

"அது எங்கம்மா போட்டது. நான் அஞ்சடி ஒம்பது."

தன் அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். நானும் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் இருந்தேன்.

"நுரையீரல் பத்தி ஒண்ணும் கேக்கலையா அவன்?" என்றாள்.

"கேக்கலை. பரவாயில்லையாம்."

"எப்படி இருக்கேள்னு கூடவா கேக்கலை?"

"நீ கேட்டியாம்மா?" என்றேன். வேண்டுமென்றே கேட்டேன்.

அவள் வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி அவள் வாயைத் திறந்ததே இல்லை. மன்னிப்பும் கேட்டதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை.

"பாட்டிலைப் படுக்க வெச்சேனே. அப்ப உனக்கு ரொம்ப வலிச்சுதாடி?"

இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள், நானும் சின்ன வயதிலிருந்து அவள் எதிர்பார்ப்பதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ரொம்ப வலிச்சுதும்மா" என்றேன்.